தாளில் இல்லாத வரி, காதில் கேட்கும் இசை

பள்ளி விழா மேடையில் இருபது பிள்ளைகள் நின்று பாடுகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் தாளில் பாட்டின் மெட்டும் சொற்களும் மட்டுமே உள்ளன. ஆனால் ஒலிபெருக்கியில் பியானோ, வயலின், தாளக்கருவி எல்லாம் சேர்ந்து ஒலிக்கின்றன. அந்த வாத்தியங்களின் இசைக்குறிப்பு எங்கே போனது? அது அழிக்கப்படவில்லை. அதே கோப்பில், அதே பக்கத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கணினியில் இசைக்குறிப்பு எழுதுபவர்கள் பலரும் தேடும் வசதி இது. ஒரு வரியைப் பார்வையிலிருந்து நீக்க வேண்டும். ஆனால் கணினி அதைத் தொடர்ந்து வாசிக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தோன்றினாலும், எழுதி வைக்கப்படுகிற இசைக்கும் ஒலிக்கின்ற இசைக்கும் என்ன உறவு என்ற பெரிய கேள்வி இதற்குள் அடங்கியிருக்கிறது. தமிழர்களுக்கு அந்தக் கேள்வி புதியதும் அன்று.

சிற்றூரின் தேவை

பேரா மாநிலத்தில், பத்தாங் பாடாங் மாவட்டத்தில், பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே பழைய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் சுங்காய். முன்பு ரப்பர், இன்று செம்பனை என்று தோட்டங்களை ஒட்டி வளர்ந்த ஊர். இத்தகைய சிற்றூரில் பாட விருப்பமுள்ள பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பாட்டுக்குப் பின்னணி வாசிக்கக் கூடியவர் கிடைப்பதுதான் அரிது. ஈப்போவிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு கீபோர்டு கலைஞரை வரவழைப்பது எளிய காரியமா?

இங்கேதான் இசைக்குறிப்பு மென்பொருள் கைகொடுக்கிறது. ஆசிரியர் ஒருவர் மடிக்கணினியில் நான்கு வரிகளை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி மேல்குரல். இரண்டாவது வரி கீழ்க்குரல். மூன்றாவது பியானோ. நான்காவது தாளம். நான்கையும் அப்படியே அச்சிட்டுக் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளை திணறிப் போகும். பியானோவுக்கு மட்டுமே இரண்டு ஐந்துகோட்டுத் தொகுதிகள் வேண்டும். ஒரு பக்கத்தில் அடங்க வேண்டிய பாட்டு மூன்று பக்கமாக நீளும். நடுவில் பக்கம் புரட்டும் சத்தம் வேறு.

பிள்ளைக்கு வேண்டியது தன் வரியும், பக்கத்தில் நிற்கும் குழுவின் வரியும் மட்டும்தான். பயிற்சிக்கு வேண்டியதோ முழு ஒலி. ஒரே கோப்பிலிருந்து இரண்டையும் பெறுவது எப்படி என்பதே கேள்வி.

கோப்புக்குள் இருப்பது என்ன?

இசைக்குறிப்பு மென்பொருளைத் தட்டச்சு மென்பொருள் போல நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. தட்டச்சில் எழுத்து கண்ணுக்குத் தெரிந்தால் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை. இசைக்குறிப்பு அப்படியன்று. ஒவ்வொரு சுரத்தைப் பற்றியும் கணினி ஒரு பதிவு வைத்திருக்கிறது. எந்தச் சுரம், எத்தனை நேரம், எந்த வாத்தியம், எவ்வளவு பலம் என்பவை அந்தப் பதிவில் உள்ளன. அந்தப் பதிவிலிருந்து இரண்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. ஒன்று திரைக்கும் தாளுக்கும் போகிறது. அங்கே கோடுகளும் புள்ளிகளும் வரையப்படுகின்றன. மற்றொன்று ஒலிப்பெட்டிக்குப் போகிறது. அங்கே கோடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

1983இல் நடைமுறைக்கு வந்த 'மிடி' என்னும் முறை இதைத் தெளிவாகக் காட்டும். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. பியானோவின் நடு 'சி' 60. சாவியை அழுத்திய நேரம், விட்ட நேரம், அழுத்திய வேகம் ஆகியவைதான் செய்தியாகப் போகும். அந்தச் சுரம் எந்தப் பக்கத்தில், எந்தக் கோட்டின் மேல் எழுதப்பட்டது என்று ஒலிக்கருவி கேட்பதே இல்லை.

ஆகவே தாளுக்குப் போகும் வாய்க்காலை அடைத்தாலும் ஒலிக்குப் போகும் வாய்க்கால் ஓடிக்கொண்டே இருக்கும். வரியை மறைத்து ஒலியை வைத்திருப்பதன் சூத்திரம் இதுதான்.

நான்கு வேலைகள், நான்கு விளைவுகள்

புதிதாகப் பழகுபவர்கள் நான்கு வெவ்வேறு வேலைகளை ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். அவற்றைப் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, நீக்குதல். வரியைத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டால் சுரமும் போகும், ஒலியும் போகும். அவசரத்தில் பலர் செய்வது இதைத்தான்.

இரண்டாவது, ஒலியடக்குதல். வரி தாளில் இருக்கும், ஆனால் கேட்காது. இது மிக்சர் பலகையில் செய்யும் வேலை. மேல்குரலை மட்டும் ஊமையாக்கிவிட்டு, அந்த இடத்தைப் பிள்ளைகளே பாடி நிரப்பும்படி பயிற்சி கொடுக்க உதவும்.

மூன்றாவது, காலி வரியை மறைத்தல். ஒரு வாத்தியம் எந்த வரிசையில் முழுவதும் ஓய்வாக இருக்கிறதோ, அந்த வரிசையில் மட்டும் அதன் கோடுகளை எடுத்துவிடும் வசதி இது. பெரிய வாத்தியக் குழுவின் தாள்களில் பக்கத்தை மிச்சப்படுத்தப் பயன்படுகிறது. ஒரே ஒரு சுரம் இருந்தாலும் வரி மீண்டும் தோன்றிவிடும். இதைத் தட்டிவிட்டு, 'வரி மறையவில்லையே' என்று வியப்பவர்கள் உண்டு.

நான்காவதுதான் இங்கே வேண்டியது. சுரங்கள் நிறைந்த வரியைப் பார்வையிலிருந்து மட்டும் மறைத்தல்.

இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர் மென்பொருளில், வாத்தியங்களின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கண் படம் இருக்கும். அதைத் தட்டினால் அந்த வாத்தியத்தின் வரி தாளிலிருந்து மறையும். ஒலி தொடர்கிறதா என்பதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ அடக்கவோ மிக்சருக்குப் போக வேண்டும். கண் ஒரு பலகை, காது ஒரு பலகை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். முழு வரியையும் அல்லாமல் சில சுரங்களை மட்டும் மறைக்க வேண்டுமானால், அவற்றைத் தேர்ந்தெடுத்து 'வி' விசையைத் தட்டலாம். திரையில் அவை சாம்பல் நிறத்தில் தெரியும்; அச்சில் வராது; ஒலியில் வரும்.

1993இல் வெளிவந்த சிபிலியஸ் மென்பொருளில், வேண்டிய வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றவற்றைப் பார்வையிலிருந்து விலக்கும் வசதி இருக்கிறது. லிலிபாண்ட் என்னும் மற்றோர் இலவச மென்பொருள் இன்னும் வெளிப்படையானது. அதில் தாளுக்கு ஒரு கட்டளைப் பகுதியும் ஒலிக்கு வேறொரு கட்டளைப் பகுதியும் தனித்தனியே எழுதலாம். தாள் பகுதியில் இரண்டு வரி, ஒலிப் பகுதியில் நான்கு வரி என்று எழுதிவிட்டால் மறைக்கும் வேலையே இல்லை.

மறைத்த பின் கவனிக்க வேண்டியவை

வரியை மறைத்ததும் வேலை முடிந்தது என்று அச்சகத்துக்கு ஓடிவிடக் கூடாது. முன்னிசையாகப் பியானோ எட்டுத் தாளக்கட்டு வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரி மறைந்துவிட்டால் பிள்ளையின் தாளில் எட்டுக் கட்டங்களும் வெறும் ஓய்வாகத்தான் தெரியும். எப்போது எடுப்பது, எந்தச் சுருதியில் எடுப்பது என்று தெரியாமல் பிள்ளை தடுமாறும். இதற்கு மேல்நாட்டு இசையில் பழைய தீர்வு ஒன்று உண்டு. பாடகர் எடுப்பதற்கு முந்திய ஒன்றிரண்டு கட்டங்களின் பியானோ சுரங்களைச் சிறிய எழுத்தில் அவர் தாளிலேயே காட்டிவிடுவார்கள். அது பாடுவதற்கு அன்று; காதால் அடையாளம் கண்டு எடுப்பதற்கு. மறைப்பதிலும் அளவு வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

வேகக் குறிப்பு மறைத்த வரியோடு ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி இருந்தால் 'இங்கே மெதுவாக' என்ற குறிப்பு அச்சில் வராமல் போகலாம். கணினி மெதுவாக வாசிக்கும். பிள்ளைகள் வேகமாக ஓடுவார்கள்.

மற்றொன்றும் உண்டு. மறைத்தல் என்பது பூட்டு அன்று. கோப்பை வேறொருவருக்கு அனுப்பினால் அவரும் அதே கண் படத்தைத் தட்டி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். தாளை மட்டும் காட்ட நினைப்பவர் பிடிஎஃப் வடிவில் அனுப்ப வேண்டும். மறைந்த வரியை எழுதியவரின் பெயரையும் மறைத்துவிடக் கூடாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்புகளைப் போலவே அவற்றுக்குச் செய்யப்படும் இசையமைப்பு மாற்றங்களையும் பாதுகாக்கிறது. பின்னணி எழுதியவருக்கும் தாளின் தலைப்பில் ஓரிடம் உண்டு.

புதிய கருவி, பழைய பழக்கம்

இப்படி ஒரு பகுதியை மறைப்பது கணினி கொண்டுவந்த பழக்கமா என்றால், இல்லை. மேல்நாட்டு வாத்தியக் குழுவில் வயலின் வாசிப்பவர் முன் வயலின் வரி மட்டும்தான் இருக்கும். முழுத்தாள் நடத்துநரிடம் இருக்கும். 2005இல் வெளிவந்த இளையராஜாவின் 'திருவாசகம்' இசைப்பேழையில் புடாபெஸ்ட் சிம்பொனி குழுவினர் வாசித்தார்கள். அங்கே ஒவ்வொருவரும் தமக்குரிய வரியைப் பார்த்தே வாசித்தார்கள். 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் அரங்கேறிய அவருடைய சிம்பொனிக்கும் அதே முறைதான்.

இதற்கு நேர்மாறான விந்தையும் உண்டு. ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமன் 1839இல் 'ஹியூமரெஸ்க்' என்ற பியானோ படைப்பை இயற்றினார். அதன் ஒரு பகுதியில் வலக்கைக்கும் இடக்கைக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வரி எழுதி, அதை 'உட்குரல்' என்று குறித்தார். அந்த வரியை வாசிக்கக் கூடாது. வாசிப்பவர் கண்ணால் பார்த்து மனத்துக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். கணினியில் நாம் தெரியாத வரியைக் கேட்கிறோம். ஷூமன் கேட்காத வரியைக் காட்டினார்.

நம் இசையிலோ, தாளில் இல்லாத வரிதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். தம்புராவை எடுத்துக்கொள்ளுங்கள். கச்சேரி முழுவதும் பஞ்சமமும் சட்ஜமும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. எந்தப் பாட்டுப் புத்தகத்திலாவது அந்த வரி அச்சிடப்பட்டிருக்கிறதா? அது இல்லாமல் எவராவது பாடத் தொடங்குகிறாரா? மென்பொருளில் தமிழிசை எழுதுபவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள முதல் வேலை, ஒரு தம்புரா வரியை எழுதி, ஒலியைத் தாழ்த்தி, கண்ணிலிருந்து மறைப்பதுதான். தாள் சுத்தமாக இருக்கும், சுருதி நிற்கும்.

கமகம் எங்கே எழுதப்படும்?

அடுத்தது கமகம். தோடி ராகத்தின் காந்தாரத்தை 'க' என்று ஓர் எழுத்தில் எழுதிவிடுகிறோம். பாடும்போது அது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்துகொண்டிருக்கிறது. கணினியோ எழுதியதை எழுதியபடி அசைவில்லாமல் வாசித்துவிடும். கேட்பவருக்கு அது தோடியாகவே இராது.

இந்தச் சிக்கலோடு நம் முன்னோர் நூறாண்டுக்கு முன்பே போராடியிருக்கிறார்கள். சென்னையில் ஏ.எம்.சின்னசாமி முதலியார் கர்நாடகக் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையில் எழுதி 1893இல் வெளியிட்டார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலைத் தெலுங்கில் வெளியிட்டபோது, கமகங்களுக்கென்று தனிக் குறியீடுகளைச் சுரங்களோடு அச்சிட்டார். பின்னர் அந்த நூலைச் சென்னை மியூசிக் அகாடமி தமிழிலும் கொண்டுவந்தது. அசைவை எழுதாவிட்டால் ராகம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது என்ற கவலையே அந்த உழைப்புக்குக் காரணம்.

இன்று மறைத்த வரி இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஒரே பாட்டை இரண்டு வரிகளில் எழுத வேண்டும். முதல் வரியில் 'க' என்பதற்கு ஒரே ஒரு நீண்ட சுரம். இதன் ஒலியை அடக்கிவிட வேண்டும். இரண்டாவது வரியில் அசைவைச் சிறுசிறு சுரங்களாகப் பிரித்து எழுத வேண்டும். இதைக் கண்ணிலிருந்து மறைத்துவிட வேண்டும். மாணவர் எளிய வடிவத்தைப் பார்ப்பார், அசைவோடு கேட்பார். சுரத்தை வளைக்கும் மிடி வசதியையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நெருங்கலாம். ஆனாலும் இது கமகத்தின் நிழல்தான். குரலின் நெளிவை ஆசிரியரிடம் கேட்டுத்தான் பெற முடியும். கணினி வீட்டுப்பாடத்துக்குத் துணை. குருவுக்கு மாற்று அன்று.

பேராவின் மெட்டு

பேரா வாசகர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. நம் நாட்டுப் பண் 'நெகாராகூ'வின் மெட்டு, பேரா மாநிலப் பண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. 1957இல் சுதந்திரத்தின்போது அந்த மெட்டுக்குப் புதிய சொற்கள் அமைக்கப்பட்டன. 1992இல் அது வேகமான அணிவகுப்பு நடைக்கு மாற்றப்பட்டது. 2003இல் பழைய நிதான நடைக்குத் திரும்பியது. மாணவர் வாயில் இருந்த மெட்டு எல்லாக் காலத்திலும் ஒன்றுதான். மாறியது வேகமும் பின்னணி வாத்திய அமைப்பும். இருந்தும், கேட்டவர்களுக்கு அது வேறு பாட்டு போலவே இருந்தது. பாடுபவர் தாளில் இல்லாத பகுதிக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறைத்தது அழிந்துவிடக் கூடாது

மறைந்திருப்பது மறந்துபோகும், மறந்தது அழிந்துபோகும். இந்த ஆபத்தைத் தமிழர்கள் அறிவார்கள். தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைச் செல்லரித்த நிலையில் கண்டெடுத்த வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. கிடைத்த ஏடுகளில் சொற்கள் இருந்தன. பாடும் முறை இல்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைத் திருஎருக்கத்தம்புலியூரில் கண்டு, அவர் வழியாகப் பண்களை வகுத்தார்கள் என்பது அந்தப் புராணச் செய்தி. சொல் ஏட்டில் இருந்தது. இசை ஒரு குடும்பத்தின் தொண்டையில் இருந்தது. அந்தத் தொண்டையும் இல்லாமல் போயிருந்தால்? இன்று நம் ஆலயங்களிலும், மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாக்களிலும் பிள்ளைகள் பாடும் பதிகங்களுக்குப் பண் ஏது?

கணினிக்கும் செல்லரிப்பு உண்டு. 1988இல் வந்த ஃபினாலே என்னும் மென்பொருள் உலகெங்கும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்டது. 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனம் அதன் மேம்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. அதில் எழுதிய கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலையில் இசையமைப்பாளர்கள் இறங்க வேண்டியதாயிற்று. கையில் அச்சுத்தாள் மட்டுமே வைத்திருப்பவரின் நிலை என்ன? தாளில் இருக்கும் இரண்டு வரிகள் மிஞ்சும். மறைத்து வைத்த பின்னணி வரிகள் திறக்க முடியாத கோப்போடு போய்விடும்.

ஆகவே வரிகளை மறைக்கும் ஒவ்வொருவரும் நான்கு படிகள் எடுத்து வைப்பது நல்லது. ஒன்று, மென்பொருளின் சொந்தக் கோப்பு. இரண்டு, மியூசிக் எக்ஸ்எம்எல் வடிவக் கோப்பு. 2004இல் முதல் பதிப்பாக வெளிவந்த இந்தப் பொது வடிவத்தைப் பல மென்பொருள்களும் படிக்கும். எது மறைக்கப்பட்டது என்ற குறிப்பையும் எழுதி வைக்க அதில் இடமுண்டு. மூன்று, எல்லா வரிகளையும் திரும்பக் காட்டி எடுத்த ஒரு முழு அச்சுப்படி. நான்கு, ஒலிப்பதிவு. அச்சுப்படியின் தலைப்பில் பாட்டின் பெயர், எழுதியவர், பின்னணி அமைத்தவர், சுருதி, தாளம், ஆண்டு ஆகியவை இருக்க வேண்டும்.

தோட்டப்புறத்தில் இந்த வேலைக்கு இன்னும் அவசரம் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில்தான், 1960இல், துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நிலத்தைக் காக்க ஒரு முயற்சி எழுந்தது. லயங்களில் பாடப்பட்ட தாலாட்டு, கும்மி, கோலாட்டப் பாடல்களின் மெட்டுகளோ பெரும்பாலும் எந்தத் தாளிலும் ஏறாமலே மக்களோடு பட்டணத்துக்கு நகர்ந்தன. பாட்டியின் பாட்டைப் பேரப்பிள்ளை கைப்பேசியில் பதிவு செய்துவிடலாம். அது நல்லதே. அதை இசைக்குறிப்பாகவும் எழுதினால், மெட்டைத் தாளில் காட்டலாம். கைத்தட்டலையும் உருமியின் அடியையும் மறைத்த வரியில் வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் மறுநாளே பாடிவிடுவார்கள்.

இதற்குப் பெரிய செலவில்லை. மென்பொருள் இலவசம். ஒரு பழைய மடிக்கணினி போதும். பள்ளிக்கு ஓர் ஆசிரியர், ஆலயத்துக்கு ஓர் இளைஞர் என்று கற்றுக்கொண்டாலே போதுமானது. கண் படத்தைத் தட்டுவதற்கு முன் முழுப்படி ஒன்றைச் சேமித்து வைக்கும் பழக்கத்தையும் அவர்கள் அன்றைக்கே கற்றுக்கொள்ள வேண்டும். பாடும் பிள்ளைக்குத் தெளிவான தாள் கிடைக்கட்டும். பின்னால் வரப்போகும் பிள்ளைக்கு எல்லா வரிகளும் கிடைக்கட்டும்.